உறைக்கிணற்றுக்குள் இறக்கிய விளக்கு

எழுபதுகளின் கடைசியில் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமெல்லாம் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்த்தார்கள். எடுக்கிற அளவுக்கு ஒன்றும் கிடைக்காத துளைக்குள் சிமெண்டை இறக்கி, வாயில் இரும்புத் தட்டை வைத்து வெல்டிங்கால் பற்றவைத்து, அதில் ஒரு நம்பரை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஒழுங்காக மூடினார்களா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதுகிற அரசாங்க ஆய்வாளர் நான். சுருக்கமாகச் சொன்னால், சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கினேன்.

எனக்கு அந்தப் புத்தி பிறவியிலேயே உண்டு. இரும்புத் தட்டில் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால், எதை மறைக்க அடித்தார்கள் என்று சுரண்டிப் பார்ப்பேன். யாராவது இளநீர் வெட்டிக் கொடுத்தால், இவனுக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டே குடிப்பேன். குன்னத்துப் பக்கம் ஒருவன், கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைக்கும் என்று தன் கிணற்றில் தானே மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, எண்ணெய்த் துளையால் தண்ணீர் கெட்டுப்போனதாக மனுப் போட்டான். சோளத்தட்டைப் போருக்குள் செருகி வைத்திருந்த டின்னை நான்தான் உருவி எடுத்தேன். அன்றிலிருந்து 'கிணற்றில் வாடை அடிக்கிறது' என்று மனு வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படி ஒரு மனு உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வந்தது. அதுவும் ஒரே ஆளிடமிருந்து மூன்றாவது தடவை. முந்திரிக்காட்டை ஒட்டி ஒரு காணி கடலைக்கொல்லை வைத்திருந்த மனிதர். நாற்பது வயது இருக்கும். அவர் வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில்தான் மூடிய துளை இருந்தது. அதை மூடிய ஆறு மாதத்தில் தங்கள் குடிதண்ணீர்க் கிணறு நாற ஆரம்பித்துவிட்டது, மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, நல்ல தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவர் மனைவி அரை மைல் நடந்து அடுத்த ஊரிலிருந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். நான் ஜீப்பில் போய் இறங்கியபோதும் இடுப்பில் குடத்தோடுதான் வந்தார். ஆபீசர் வருகிற நேரம் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் பார் என்று நினைத்தேன்.

முதலில் துளையைப் பார்த்தேன். எங்கள் சோதனை சுலபமானது. சோப்புத் தண்ணீரை நுரைக்கக் கரைத்து, தட்டைச் சுற்றிப் பற்றவைத்த இடமெல்லாம் தடவ வேண்டும். வாயு கசிந்தால் குமிழ் விடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை. தட்டு ஒழுங்காக இருக்கிறது, அப்படியானால் இந்த ஆள் பொய் சொல்கிறார் என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டேன். குழாய்க்கு வெளியே மண்ணுக்குள் வாயு வழி தேடிப் போகும் என்று புத்தகத்தில் படித்தவன்தான் நான். அது அன்றைக்கு நினைவுக்கு வரவே இல்லை.

பிறகு கிணற்றுக்குப் போனோம். ஒடுங்கிய உறைக்கிணறு. கோழி விழாமல் இருக்கத் தகரத்தால் மூடியிருந்தார்கள். தகரத்தைப் பாதி தள்ளியதும் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். குன்னத்தில் டின் சோளத்தட்டைப் போருக்குள் இருந்தது, இங்கே கிணற்றுக்குள்ளேயே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். உள்ளே இறங்கி அடியில் என்ன கிடக்கிறது என்று துழாவி எடுத்து வரச் சொன்னேன்.

அவர் தயங்காமல் வேட்டியை மடித்துக் கட்டினார். அந்தப் பக்கத்தில் தூர் எடுக்க இறங்குவதற்கு முன்னால், எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று என்று அர்த்தம். விளக்கு இறக்காமல் கிணற்றில் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இவர் விளக்கை எடுக்காமல் வேப்பந்தழையை ஒடிக்கப் போனார்.

"ஏன்யா, விளக்கு இறக்கலையா?" என்றேன்.

"வாடை தூக்கலா இருக்குதுங்க சார். விளக்கு வேணாம். தழைய நாலு தடவ இறக்கி எடுத்தா காத்து மாறிடும், அப்பறம் எறங்குறேன்."

பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊரே செய்கிற காரியத்தை இவர் மட்டும் ஏன் தவிர்க்க வேண்டும்? தான் ஊற்றிய எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்ற பயம், வேறென்ன!

"நீ ஊத்தலன்னா விளக்கு இறக்க உனக்கு என்னய்யா பயம்? எறக்கு. நானும் பாக்குறேன்."

அவர் தழையை ஒடிக்காமல் திரும்பி வந்தார். பிறகு மனைவியிடம் லாந்தரைக் கொண்டுவரச் சொன்னார். அந்த அம்மா வேண்டாம் என்று ஏதோ முணுமுணுத்தார். அவர் கேட்கவில்லை. பொய்யன் என்று நின்றுகொண்டே பேர் வாங்குவதைவிட அது மேல் என்று தோன்றியிருக்க வேண்டும். லாந்தரை ஏற்றி, கயிற்றில் கட்டி, குனிந்து இரண்டு கையாலும் இறக்கினார். ஒரு ஆள் ஆழம்கூடப் போயிருக்காது. நெருப்பு கிணற்று வாய்க்கு மேலே எழும்பித் தகரத்தைத் தூக்கி எறிந்தது. ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். நான் நாலு அடி தள்ளி நோட்டுப்புத்தகத்தோடு நின்றேன், எனக்குப் புருவம்கூடக் கருகவில்லை. வாயு எரியும் என்று படித்ததற்காகத்தான் எனக்கு அந்த வேலையே கொடுத்தார்கள். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு என் மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவரை ஜீப்பில் போட்டு அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முகம் தப்பியது. கை இரண்டிலும் விரல்கள் இனி மடங்காது என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து மேலதிகாரி ஒருவர் விசாரணைக்கு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார். விளக்கை இறக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நானும் அங்கேதான் நின்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"யாரும் சொல்லலீங்க. எங்க ஊரு வழக்கம், நானாத்தான் எறக்கினேன்" என்றார் அவர். மனைவியைக் கேட்டார்கள். அவரு சொன்னதுதான் என்று அந்த அம்மாவும் சொல்லிவிட்டார்.

நிம்மதி வந்ததா என்றால், ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. எதற்காகக் காப்பாற்றினார்? நாளைக்கு வந்து என்ன கேட்கப்போகிறார்? சொந்தக்காரனுக்கு வேலையா, இல்லை காலமெல்லாம் என்னைக் கைக்குள் போட்டுக்கொள்ளவா? இரண்டு நாள் அந்த மனிதரை மனதுக்குள் வைத்துக் குடைந்தேன். கை வெந்து கிடக்கிறவரைக்கூட என்னால் சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் தாங்காமல் போய் நின்றேன். மனைவி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? நான் சொல்லித்தானே எறக்கினீங்க?" என்று கேட்டேன்.

அவர் கஞ்சியை விழுங்கிவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"உங்கள மாத்திட்டா வேற ஆபீசர் வருவாரு. அவரும் நீதான் ஊத்தினியான்னு கேப்பாரு. கண்ணால பாத்த ஆபீசர் நீங்க ஒருத்தர்தான் சார். தண்ணிக்கு எழுதிக் குடுங்க. இன்னொருத்தர நம்ப வைக்க எங்கிட்ட கை இல்லீங்க."