ஒரே லாட்டில் வந்த ஆறு டிஸ்க்

லிஃப்ட்காரர் என்பது அவருக்குப் பட்டப்பெயர் மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்த்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்குமா? சொந்தபந்தம் எல்லாருடைய போட்டோவையும் வீடியோவையும் போட்டு வைக்க வீட்டிலேயே பெரிய சர்வர் ஒன்று கட்டப்போவதாகக் கிளம்பிவிட்டார்.

"இருக்கிற இடமே போதல. இதுல அது வேறயா?" என்றாள் மனைவி.

"சத்தம் போடாது, சாப்பாடு கேக்காது. உனக்கென்ன கஷ்டம்?"

"அப்படிப் பாத்தா உங்களுக்கு அது தேவலை."

உள்ளதைச் சொல்ல வேண்டும், பொருள் தேர்ந்தெடுப்பதில் மனிதர் கில்லாடி. கடையில் காட்டிய குட்டிப் பெட்டியை, "இது என்ன விளையாட்டுச் சாமானா?" என்று தள்ளிவிட்டு, எட்டு டிஸ்க் கொள்ளும் இரும்புக் கேபினட்டாகப் பார்த்து எடுத்தார். அதன் சூட்டைத் தணிக்கும் குட்டி மின்விசிறியைக் காதோடு வைத்துக் கேட்டுக் கேட்டு மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். மின்சாரம் போனால் தாங்க யுபிஎஸ்ஸும் வாங்கினார். அதுவரை ஒரு குறை சொல்ல முடியாது.

டிஸ்க் வாங்கும்போதுதான் வினை வந்தது. கடைக்காரப் பெண் நல்லபடியாகத்தான் சொன்னாள்.

"சார், ஆறும் ஒண்ணா தயாரான ஒரே லாட்ல எடுக்காதீங்க. வேற வேற சமயத்துல வந்ததா கலந்து தர்றேன். ஒரே லாட்டுன்னா ஒண்ணு போற நேரம் பாத்து மத்ததும் போகும்."

லிஃப்ட்காரர் சிரித்தார். ஏன் சிரிக்க மாட்டார்? லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறுகள் ஐந்தாறு இருக்கும். எல்லாவற்றையும் ஒரே சுருளிலிருந்துதான் வெட்டி மாட்ட வேண்டும். ஒன்று தேய்ந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். கலந்து மாட்டினால் ஒன்று நீண்டு, இன்னொன்றின் தலையில் பாரம் விழும். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரிடம் சண்டை பிடித்திருக்கிறார்!

"கயிறைக் கலந்து மாட்டினா ஆளே போயிடுவான்மா. எனக்கேவா?"

"இது கயிறு இல்லையே சார். சரி, தனியா இன்னொரு காப்பியாவது வச்சுக்குங்க."

"ஒண்ணு போனாலும் மத்த அஞ்சும் தாங்கும்ல? அப்புறம் எதுக்கு?" ஒரே லாட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கி வந்துவிட்டார்.

சர்வரில் போட்டு வைக்க முதலில் வீடியோ கொண்டுவந்து கொடுத்தவள் அவருடைய தங்கை. அவள் கணவர் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் குரல் மிஞ்சியிருந்ததெல்லாம் அவளுடைய போனில் இருந்த வீடியோக்களில்தான். ஒன்றில், ஒழுகும் குழாயைச் சரி செய்யப்போய் முழுக்க நனைந்து, குழாயையே திட்டிக்கொண்டு நிற்பார்.

எல்லாம் சர்வரில் ஏறி முடிந்ததும் தங்கை தயங்கினாள். "போன்லயும் இருந்துட்டுப் போகட்டுமாண்ணா?"

"ஏம்மா, அண்ணன் மேல நம்பிக்கை இல்லையா?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லண்ணா."

"அப்ப அழிச்சிடு. போன் லேசாகும்."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமேங்க," என்று மனைவி குறுக்கே வந்தாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று அவள் வாயையும் அடைத்தார். பாவி மனுஷன், அந்த ஒரு நாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் தங்கை வருவாள். லிஃப்ட்காரர் டிவியில் வீடியோவைப் போட்டுவிட்டு, டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவார். குழாய் வீடியோவுக்கு அவள் சிரிக்கும் சத்தம் கேட்டால் அவருக்குப் பெருமை தாங்காது.

இப்படியே நாலைந்து வருடம் ஓடியது. ஒருநாள் சர்வரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அசரவில்லை. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் புதியதை மாட்டினார். போனதைத் திரும்ப எழுத மற்ற ஐந்தும் இரவு பகலாக ஓடின. ஒரே நாளில் பிறந்து, ஒரே அளவு உழைத்து, ஒரே அளவு தேய்ந்தவை. எழுதி முடியுமுன் இரண்டாவது விளக்கும் எரிந்தது. இரண்டு போனால் மிச்சமிருப்பவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. மொத்தமும் போயிற்று.

டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தார். எல்லாரும் கையை விரித்தார்கள். கடைசியாகப் பழைய கடைக்கே போனார். அந்தப் பெண் டிஸ்க்குகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார், தண்ணி குடிங்க," என்றாள். "அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். தன் பேச்சைத் தங்கை கேட்டிருக்கக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டே படியேறினார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மாப்பிள்ளை வீடியோவெல்லாம் போன்லேர்ந்து அழிக்கச் சொன்னேனே. அழிச்சிட்டியா?"

தங்கையின் முகம் மாறியது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுண்ணா? அன்னிக்கு நான் அழிக்கல. அழிச்சிட்டேன்னு பொய் சொன்னேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்ல காரியம் பண்ணினே! எங்க இருக்கு, காட்டு."

"கோச்சுக்காதீங்கண்ணா. வாராவாரம் நீங்க எனக்காக டிவியைப் போட்டு உக்கார வைப்பீங்க. அண்ணனை நம்பாம ஒளிச்சு வச்சிருக்கோமேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன மாசம்தான் எல்லாத்தையும் அழிச்சேன்."

மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்ணா? என்ன ஆச்சு?"