மூன்று முறை கழற்றிய முன்சக்கரம்

வண்டி ஓடினால் டிரைவர் கெட்டிக்காரர், வண்டி நின்றால் கராஜ்காரன் மோசக்காரன்: மோட்டார் கராஜ் தொழிலில் இருப்பது இந்த ஒரே ஒரு சட்டம்தான். விடுமுறைக்கு ஆசையோடு வீட்டுக்குப் போய், அப்பாவின் கடையிலோ மாமாவின் சலூனிலோ மாட்டிக்கொண்டு, மூன்றாம் நாளே பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு எப்போது திரும்புவோம் என்று ஏங்கிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக. உங்கள் அழுக்காவது சவர்க்காரம் போட்டால் போகும். எனக்கு வாய்த்தது கிரீஸ்.

எங்கள் கராஜ் ஹட்டன் டவுனுக்குச் சற்று வெளியே, கொழும்பு ரோட்டோரம் இருக்கிறது. அந்த விடுமுறையில் அப்பா எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார். எங்கள் மெக்கானிக் பியதாச பாஸோ ஒரு லொறி எஞ்சினைப் பிரித்துப் பரப்பிவிட்டு அதற்குள்ளேயே குடியிருந்தார். கராஜுக்குச் சோறு போட்டவை மூன்று தேயிலைத் தோட்டங்களின் வண்டிகள். அவற்றில் பெரியது குயில்மலைத் தோட்டம். "குயில்மலை ஜீப்பு கைய விட்டுப் போச்சுன்னா மத்த ரெண்டும் பின்னாலயே போயிரும். அப்புறம் கதவச் சாத்த வேண்டியதுதான்" என்று அப்பா கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த வாரத்தில்தான், அந்த ஜீப் ஊளையிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஆட்டிப் பார்த்தல்

ஊளை முன்பக்கத்து இடது சக்கரத்திலிருந்து வந்தது. நான் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்து ஆட்டினேன். ஆடும் பல் மாதிரி ஆடியது. அச்சைச் சுற்றிச் சக்கரம் உருள்வதற்கு உள்ளே இரண்டு பேரிங் இருக்கும், இரண்டும் போய்விட்டன. ஸ்பேனர் பிடிக்க எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பெண்பிள்ளை அதைப் பிடிக்கக் கூடாது என்பதைத்தான் பதினைந்து வயதில் சொல்லித் தந்தார்கள்.

ஜீப் டிரைவர் வேலாயுதம் அண்ணன் நெற்றியில் திருநீறும் வாயில் வெற்றிலையுமாக நின்று பார்த்தார். "பேரிங் ரெண்டும் போயிருச்சுங்க அண்ணே. மாத்தணும்" என்றேன். அவர் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார், அப்பாவைத் தேடினார், பாஸைத் தேடினார். பிறகு மரியாதை குறையாமல் சொன்னார்:

"சரிங்க தங்கச்சி, நீங்க சும்மா ஆட்டிக்கிட்டு இருங்க. யாராச்சும் ஆம்பளயாளு வரட்டும், நான் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வந்திர்றேன்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு?

அவர் தேநீர் குடித்து வருவதற்குள் சக்கரம், பிரேக் டிரம், ஆறு போல்ட், பூட்டுநட் எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. பழைய பேரிங்கின் வெளிவளையம் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் இறுகிப் பிடித்திருக்கும். பித்தளைக் கம்பியை வைத்து இந்தப் பக்கம் ஒரு தட்டு, எதிர்ப்பக்கம் ஒரு தட்டு என்று மாறி மாறித் தட்டித்தான் அதை எடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து எங்கள் அலுமாரியில் பத்திரமாக இருந்த புதிய ஜோடியை எடுத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்து, ஒவ்வொரு உருளைக்கு நடுவிலும் பிதுங்கும்வரை அழுத்தி நிரப்பினேன்.

அப்பா ஒற்றைக் கையோடு ஸ்டூலில் அமர்ந்து ஆணையிட்டார். "நட்ட நல்லா இறுக்கு. இறுக்கிட்டுக் கொஞ்சம் பின்னுக்கு விடு."

"கொஞ்சம்னா எவ்வளவுப்பா?"

"கொஞ்சம்னா கொஞ்சம்தான்."

"அது அளவு இல்ல, அபிப்பிராயம். கால் சுத்தா, அரைக்கால் சுத்தா? ரொம்ப இறுக்கினா சூடேறி எரியும், ரொம்ப விட்டா ஆடும்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நடுவுல ஓர் இடம் இருக்கணும், அதுக்கு ஒரு கணக்கு இருக்கணும்."

"என் கையி சொல்லும் புள்ள அந்தக் கணக்க."

"உங்க கை மாவுக்கட்டுக்குள்ள இருக்கு. என் கைக்கு யாரு சொல்றது?"

அப்பா மாவுக்கட்டைத் தடவினார். நான் வென்றுவிட்டேன் என்று நிமிர்ந்தபோது, லொறிக்கு அடியிலிருந்து பியதாச பாஸின் குரல் மட்டும் வந்தது:

"மிஸ், யூனிவர்சிட்டில கேள்வி கேட்டா மார்க்ஸ் குடுப்பாங்க, இங்க கேட்டுக்கிட்டே நின்னா பேரிங்ல தூசிதான் விழும்."

பால்கோப்பி

பதினாறாம் நாள் ஜீப் மறுபடி ஊளையிட்டது. அதே சக்கரம். இம்முறை டிரைவருக்குப் பக்கத்தில் தோட்டத்துப் பெரிய கிளாக்கரும் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். வெள்ளைக் காற்சட்டையில் ஒரு மடிப்பும் கலையாத மனிதர். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்தபடியாக, எந்த வண்டி எந்தக் கராஜுக்குப் போவது என்பதெல்லாம் அவர் பேனா முனையில் இருந்தது.

அவர் முன்னாலேயே கழற்றினேன். நான் நிரப்பிய கிரீஸ் தேன் நிறம். உள்ளே இருந்ததோ பால்கோப்பி நிறம். பேரிங் உருளைகளில் செம்பழுப்புத் துரு. "இது இறுக்கின பிழை இல்லங்க, உள்ளே தண்ணி போயிருக்கு" என்றேன். "தண்ணி போறதுக்கு இது என்ன கப்பலே?" என்று அவர் கேட்டார். கடைசியாக இருந்த ஜோடி பேரிங்கையும், தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் வளையமான புது ஆயில் சீல் ஒன்றையும் போட்டு முடித்தேன். ஏறும்போது கிளாக்கர் திரும்பி நின்று சொன்னார்:

"பிள்ளை, இன்னொருக்கா இந்தச் சில்லு சத்தம் போட்டுதெண்டால் வண்டி நுவரெலியாக் கராஜுக்குத்தான் போகும், துரை சொல்லிப்போட்டார்."

வெள்ளிக்கிழமைக் குளியல்

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. என் வேலையில் பிழை இருந்தால் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன். காட்டாமல் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம்? அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்குப் போகும் ஜீப்பை மறித்து, "இன்னைக்குப் பூரா நான் கூட வாரேன்" என்று ஏறி உட்கார்ந்தேன். வேலாயுதம் அண்ணன் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

மூன்று மணி வரை ஒரு குறையும் காணவில்லை. பிறகு மேல்மலையிலிருந்து இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கியதில் டிரம் தீய்ந்த வாசனை வந்தது. கீழே கோயில், கோயிலுக்கு முன்னால் ஓடை. அண்ணன் நிறுத்தவே இல்லை. நேராக ஓடைக்குள் இறக்கினார். அச்சு மூழ்க நின்ற சக்கரங்களிலிருந்து 'ஸ்ஸ்' என்று ஆவி எழுந்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தேங்காய் நாரோடு குதித்தார்.

"அண்ணே! கொன்னுட்டீங்களே!"

"என்னங்க தங்கச்சி, வெள்ளிக்கிழமை பூசைக்குச் சேத்தோடயா கொண்டுபோய் நிறுத்துறது?"

கரையில் நின்று விளக்கினேன். சூட்டில் ஹப்புக்குள் இருக்கும் காற்று விரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருங்கும். சுருங்கும்போது ஆயில் சீலைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சும். அவர் நம்பவில்லை. "பத்து வருசமாக் குளிப்பாட்டுறேன், இப்ப மட்டும் எப்பிடிங்க உறிஞ்சும்?" என்றார். நியாயமான கேள்வி. பத்து வருடமும் இந்த ஓடையிலா என்று கேட்டேன். அவர் நாரை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இல்லீங்களே, லயத்துச் சனங்க குளிக்கிற பீலியில வாளியில புடிச்சித்தான் ஊத்துவேன்; மூணு மாசத்துக்கு முந்தி பீலிக்கரையில வண்டி கழுவப்படாதுன்னு பெரிய கிளாக்கரய்யாதான் ஆர்டர் போட்டாரு."

கிளாக்கரின் மேசையில் ஒரு துருப்பிடித்த வளையம்

திங்கட்கிழமை பழைய பேரிங்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தோட்டத்து ஆபிசுக்குப் போனேன். அவருடைய சுத்தமான மேசையில் அதை வைத்தேன். பீலி, ஓடை, சூடு, குளிர், ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொன்னேன். இது என் பிழையுமில்லை, டிரைவர் பிழையுமில்லை, உங்கள் உத்தரவின் விளைவு என்றேன். துரையிடமே சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பீலியில் எண்ணெய் மிதக்கிறது, பிள்ளைகளைக் குளிப்பாட்ட முடியவில்லை என்று தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வந்து நின்றார்களாம். அதனால்தான் உத்தரவு. எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்கள் பக்கம் நின்று நானே வாதாடியிருப்பேன். இந்த உத்தரவால் ஜீப் கெட்டது என்று துரைக்குத் தெரிந்தால் அவர் முதலில் ரத்துச் செய்வது உத்தரவைத்தான். பீலிக்கரையில் மறுபடி எண்ணெய் மிதக்கும்.

ஆகவே இப்படி முடிவானது: மலையிறங்கியதும் அண்ணன் ஜீப்பைக் கரையில் நிறுத்த வேண்டும். ஹப்பில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ணும்வரை சுடாமலிருந்தால் மட்டும், ஓடைத் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றலாம். பூசை அரைமணி பிந்தினால் சாமி பொறுத்துக்கொள்வார். பொறுக்காவிட்டால் என்னிடம் அனுப்பலாம். கிளாக்கர் பேனாவை மூடினார்.

"உம்மட நியாயம் சரி பிள்ளை, சில்லை இன்னொருக்காக் கழட்டிப் பூட்டும், வண்டி உங்களிட்டயே நிக்கட்டும், ஆனால் துரைக்கு முன்னால நீர் வாயைத் திறக்கப்படாது."

துரையின் பாராட்டு

மூன்றாம் முறைக்கான பேரிங் கொழும்பிலிருந்து வர ஒன்பது நாள் ஆயிற்று. கழற்றினேன், கழுவினேன், நிரப்பினேன், இறுக்கினேன், கொஞ்சம் பின்னுக்கு விட்டேன். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்காதீர்கள். என்னால் சொல்ல முடியாது, அதில் எனக்கு இன்னமும் வெட்கம். அதன் பிறகு வாரங்கள் போயின. வெள்ளிக்கிழமைகள் போயின. சக்கரம் மூச்சுக் காட்டவில்லை.

நான் பேராதனைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், துரையே அந்த ஜீப்பை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். பின்சீட்டில் பெரிய கிளாக்கர் இருந்தார். மற்ற இரண்டு தோட்டத்துத் துரைமாரிடமும் இந்தக் கராஜைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லியிருப்பதாகத் துரை சொன்னார். அப்பா மாவுக்கட்டோடு எழுந்து, "துரைங்களே, வேலை செஞ்சது..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். யார் செய்தது என்று தொடங்கினால் முதல் இரண்டு தடவை ஏன் போயிற்று என்று வரும். அது வந்தால் ஓடை வரும். ஓடை வந்தால் பீலி வரும். பின்சீட்டில் கிளாக்கர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். துரை அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கி, தோட்டத்தில் கற்ற தமிழில் உரக்கச் சொன்னார்:

"வெரி குட், மொதலாளி! ஒத்தக் கையிலே நீ ரொம்ப நல்ல வேலை செய்றது!"

பல்கலைக்கழக விவாத மேடையில் வாயைத் திறந்து நான் வென்ற கோப்பைகளெல்லாம் அலுமாரிக்குள் அசையாமல் நிற்க, வாயை மூடி வென்ற ஒன்றே ஒன்றுதான் நாலு சக்கரத்தில் மலை ஏறிக்கொண்டிருக்கிறது.