மூக்கு அரிப்பும் நிம்மதியான தூக்கமும்

வரதன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சாயங்கால ரவுண்டுக்கு வந்த எனக்கு மட்டும் அந்தக் குறட்டை பிடிக்கவில்லை.

அவர் நாச்சாரத்தில் ஒரு லேத் பட்டறை சூப்பர்வைசர். தலைமுறைகளாக செகந்தராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அன்று காலைதான் முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்தது நான். முதுகில் போட்ட ஸ்பைனல் ஊசியில் ஹெவி பூபிவகெயினோடு மிகக் கொஞ்சம் மார்ஃபின் சேர்த்திருந்தேன். முன்னது கால்களை மரத்துப்போகச் செய்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிடும். பின்னது மறுநாள் வரை வலியைப் பார்த்துக்கொள்ளும். அதற்குக் கூலியாக மூக்கில் அரிப்பு கொடுக்கும். எப்போதோ ஒருவருக்கு, பல மணி நேரம் கழித்து, மூச்சையும் மந்தமாக்கும். அதனால்தான் விரலில் கிளிப், பக்கத்தில் மானிட்டர், வேறு தூக்க மருந்து கூடாது என்ற உத்தரவு எல்லாம்.

வரதனுக்கு மூக்கு அரித்தது. அரிப்பு என்றால் அலர்ஜி, அலர்ஜி என்றால் அலர்ஜி ஊசி. எங்கள் வார்டுகளில் இதற்கு யாரும் யோசிப்பதில்லை. டியூட்டி டாக்டர் போனிலேயே சொன்னார், நர்ஸ் போட்டுவிட்டார். அந்த ஊசியும் தூங்கவைக்கும். உள்ளே இருந்த மார்ஃபினுக்குத் துணை கிடைத்துவிட்டது.

அறைக் கதவில் அவர் மனைவி சரோஜா கையை விரித்து என்னை மறித்தார்.

"நக்கோ டாக்டரம்மா, எழுப்ப வேணாம்! மூணு மாசமா முட்டி வலில கண்ண மூடாத மனுஷன். இன்னிக்குத்தான் தூங்குறாரு."

"விரல்ல மாட்டின கிளிப் எங்கம்மா?"

"அது கீ கீன்னு கத்திட்டே இருந்துச்சு. தூக்கம் கெடும்னு கழட்டிட்டேன். மெஷினையும் ஆஃப் பண்ணிட்டேன்."

அது ஏன் கத்தியது என்று விளக்க நேரமில்லை. அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன். உதடு கறுத்திருந்தது. ஒரு குறட்டைக்கும் அடுத்த குறட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வரதன்! மூச்ச இழுத்து விடுங்க!"

எனக்காக ஒரு மூச்சு விட்டார். மறுபடி நிறுத்திக்கொண்டார்.

ஆக்ஸிஜன் மாஸ்க் வைத்து, மார்ஃபினை முறிக்கும் நலாக்ஸோனைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். மார்ஃபினை மொத்தமாகத் துரத்தினால் வலி முழுதாகத் திரும்பிவிடும். மூச்சு வந்தால் போதும், வலி வரவேண்டாம் என்ற கணக்கு. சரோஜா கட்டில் கம்பியைப் பிடித்தபடி, "நானே கொன்னுருப்பேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வரதனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரதன் கண் திறந்து, "சாயா கிடைக்குமா?" என்றார்.

அன்றிலிருந்து ஸ்பைனலில் மார்ஃபின் போட்டால் நோயாளியின் வீட்டாரிடம் நானே பேசுகிறேன். 'வலிக்காது' என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. 'நன்றாகத் தூங்கினால் எழுப்பிப் பாருங்கள், எழவில்லை என்றால் கத்துங்கள்' என்கிறேன். அலர்ஜி ஊசிக்கு முன் என்னைக் கூப்பிட வேண்டும் என்று வார்டிலும் சொல்லிவிட்டேன். வலியைப் போக்குவது பாதி வேலைதான். மூச்சை எண்ணுவது மீதி.

மறுநாள் காலை வரதனிடம் வலி எப்படி என்று கேட்டேன்.

"முட்டில ஒண்ணுமில்ல டாக்டர். கைதான் எரியுது. கண்ண மூடினா போதும், கிள்றா."

"கிள்ளுவேன்," என்றார் சரோஜா. இரவெல்லாம் அவர் தூங்கவில்லை.