ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஓர் இரைச்சல்

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சென்னைக் கடலோரம், நொச்சிக்குப்பத்தில் ஒரு மாடி அறை. எதிரில் இருந்தவரிடம், ‘முதல்ல போய் உன் காதை டெஸ்ட் பண்ணிக்கோ!’ என்று கத்தினேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் நடந்தது என்னை இந்த நிமிடம் வரை விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்ச்சின், அதாவது பங்குக் கோயிலின், பாடகர் குழுவில் இருபது வருடமாக நான் கீபோர்டு வாசிப்பவன். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு இது தெரியும். சமீபத்தில் ஒரு சின்தசைசர் – விதவிதமான ஒலிகளைத் தானே உருவாக்கும் கீபோர்டு – வாங்கியதை மூன்று வாரம் எழுதி அலட்டிக்கொண்டதும் தெரியும். ஆனால் வாங்கினால் மட்டும் போதுமா? சத்தம் வறவற என்று, உயிரே இல்லாமல் இருந்தது. ‘ஒரு அனலாக் டிலே பெடல் மாட்டிப் பாருங்கள்’ என்றார்கள் தெரிந்தவர்கள்.

காலால் மிதித்து இயக்கும் சின்னப் பெட்டி அது. நாம் வாசித்ததையே திருப்பித் திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும் – துவைக்கத் துவைக்கச் சாயம் போகிற சட்டை மாதிரி. அந்த மங்கல்தான் அழகு.

ஒரு சிக்கல். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் கிடாருக்காகச் செய்யப்பட்டவை. கிடார் அனுப்புவது மெல்லிய சிக்னல். சின்தசைசர் அனுப்புவதோ பெரிய சிக்னல். தாங்காத பெட்டி கரகரவென்று திணறும். அதனால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இரண்டு பெட்டிகளை ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வாங்கி வந்தேன். ஒன்று ஆரஞ்சு நிறம். வெளிநாட்டுச் சரக்கு, தி.நகரில் ஒருவர் வைத்திருந்த பழசு. இன்னொன்று பெயின்ட்கூட அடிக்காத அலுமினியப் பெட்டி. நொச்சிக்குப்பத்துக் குமரேசன் தன் கையால் செய்தது. குமரேசன் யார் என்றால், மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, படகை அண்ணன்களிடம் விட்டுவிட்டு மைக் செட் போட வந்தவர். எங்கள் கோயில் திருவிழாவுக்கும் அவர்தான், பக்கத்து அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கும் அவர்தான்.

இரண்டும் என் சின்தசைசரைத் தாங்கின. ஆனால் அலுமினியப் பெட்டியில் பின்னணியில் ஒரு ‘ஸ்ஸ்ஸ்’... விடாமல் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சிலும் அதே ‘ஸ்ஸ்ஸ்’ கேட்டது. அங்கே கேட்டபோது, ‘ஆஹா, பழைய பாணி அனலாக் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று ரசித்தேன். நொச்சிக்குப்பத்துப் பெட்டியில் கேட்டபோது, ‘சால்டரிங் சரியில்லை’ என்று தீர்ப்பு எழுதினேன். நம்மில் எத்தனை பேர் இப்படி? கை தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும்.

இரண்டு முறை திருப்பிக் கொண்டுபோனேன். இரண்டு முறையும் குமரேசன் திறந்து, எதையோ மாற்றி, மூடிக் கொடுத்தார். மூன்றாவது முறைதான் அந்தச் சனிக்கிழமை.

“இன்னா சார், மறுபடியுமா?” என்றவர், பெட்டியை மாட்டி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். “எனக்கு ஒண்ணியும் கேக்கல சார்.”

அப்போதுதான் கத்தினேன். “இத்தனை வருஷமா ஸ்பீக்கர் பக்கத்துலயே நிக்கிறே. முதல்ல போய் உன் காதை டெஸ்ட் பண்ணிக்கோ!”

அவர் கோபப்படவில்லை. “போன மாசம்தான் சார் காட்டிக்கினு வந்தேன். காது நல்லா கீதுன்னுட்டாங்க.” சொல்லிக்கொண்டே பெடலைக் கழற்றினார். ஆம்ப்ளிஃபயர் ப்ளக்கைப் பிடுங்கினார். ஃபேனையும் நிறுத்தினார். “இப்ப?”

“கேக்குது.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கரண்டே இல்லாத அறையில் எது இரைகிறது? “கடல் சத்தமா இருக்கும்” என்றேன்.

“அது இரைஞ்சி அடங்கும் சார். நீ சொல்றது அடங்குதா? ரெண்டு காதையும் கெட்டியா பொத்திக்கோ.”

பொத்தினேன். வெளியே மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் நின்றது. கடல் நின்றது. ‘ஸ்ஸ்ஸ்’ மட்டும் பெரிதாகியது. இடது பக்கத்தில்.

பயந்துவிட்டேன். வேறு நல்ல வார்த்தை இல்லை. குமரேசன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

லஸ் வழியாக வீடு திரும்பும்போது வழியெல்லாம் பரீட்சை. ஆட்டோ ஹாரன் கேட்கிறதா? கேட்கிறது. ஹெல்மெட்டுக்குள் ‘ஸ்ஸ்ஸ்’? அதுவும் இருக்கிறது. ஜெசிந்தாவிடம் – என் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை – மூச்சு விடவில்லை. ஞாயிறு பூசையில் ஒவ்வொரு கட்டையையும் சந்தேகத்தோடுதான் அழுத்தினேன். வாசிக்க முடியாமல் போனால்? சுருதி விலகுவது எனக்குத் தெரியாமல், மற்ற எல்லோருக்கும் தெரிந்தால்? பாடகர் குழு மரியாதைக்காகப் பொறுத்துக்கொள்ளும். அதுதான் பெரிய பயம்.

செவ்வாய்க்கிழமை அடையாறில் காது டாக்டர். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்கவில்லை... கேட்கவில்லை... எனக்குப் பதற்றம். ஃபெயிலாகிவிடுவேனோ? அழுத்தினேன். இன்னொரு தரம் அழுத்தினேன்.

வெளியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “சார்... நான் இன்னும் சவுண்டே குடுக்கலை.”

ஐம்பத்து நான்கு வயதில் காப்பி அடிக்கப் பார்த்து மாட்டிக்கொண்டேன்.

முடிவு வந்தது. இடது காதில் கீச்சென்ற உச்சஸ்தாயி ஒலிகள் கேட்பது குறைந்திருக்கிறது; அந்த ‘ஸ்ஸ்ஸ்’ அதனால் காதுக்குள்ளேயே எழுவது. கோயிலில் என் மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது நான் வாசிப்பதை எனக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கர், எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார் டாக்டர். இடது பக்கம். இருபது வருடமாக. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். அந்தக் கீச்சு ஒலிகள்தான் முதலில் மங்குமாம். இதே மங்கலைத்தான் நான் பெட்டி பெட்டியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பிடும்போது ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். ரசத்தை ஊற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

“சாப்பாட்டு மேஜையில நான் ஏன் உங்க வலது பக்கத்து நாற்காலிக்கு மாறினேன்னு என்னிக்காவது கேட்டீங்களா?”

“எப்ப மாறினே?”

“ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

அவள் நாற்காலியைப் பார்த்தேன். ஆமாம், வலது பக்கம்தான்.

பிறகு அவளே இரண்டு பெடலையும் கேட்டுப் பார்த்தாள். “ஆரஞ்சுல லேசா இரைச்சல் இருக்கு. இந்த அலுமினியத்துல சுத்தமா இல்ல.” ஆக, குமரேசன் சொன்னது சரி. முதல் நாளிலிருந்தே சரி.

சரி, எதை வாங்கினாய் என்று கேட்பீர்கள்.

ஆரஞ்சைத்தான் முதலில் எடுத்துவைத்தேன். காரணம் வெட்கக்கேடு. அது ஓடும்போது என் இரைச்சல் அதன் இரைச்சலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இரண்டு நாள் நிம்மதியாக வாசித்தேன். மூன்றாம் நாள் இன்னொரு பயம் வந்தது. எனக்கு இன்னும் அதிகமானால்? பெட்டிதான் இரைகிறது என்று நினைத்துக்கொண்டே வாசித்துக்கொண்டிருப்பேனே!

நொச்சிக்குப்பத்துக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். “அத்த வுடு சார்” என்றார் குமரேசன். “மொதல்ல அந்த மானிட்டர் சவுண்டக் கொறைக்கணும். ஞாயித்துக்கெழம நானே வந்து வச்சுத் தரேன். பெடல் போனா பாகம் மாத்திக் குட்த்துடுவேன். காது போனா எங்க போவே?”

அலுமினியப் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பயம் போகவில்லை. தினமும் காலையில் அதை மாட்டி, ஒன்றும் வாசிக்காமல் ஒரு நிமிடம் கேட்கிறேன். என் ‘ஸ்ஸ்ஸ்’ நேற்றைவிட அதிகமா, அதே அளவா?

இனி இரைச்சல் கேட்டால், சண்டைக்குப் போக ஆள் இல்லை.