தண்ணிக்காரரின் ஹாட்ஸ்பாட்

அந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், குழாய்க்கு மேலே சுவரில் ஒரு போன் நம்பர் கிறுக்கியிருக்கும். சில வீடுகளில் பென்சிலால், சில வீடுகளில் கரித்துண்டால், ஒரு வீட்டில் உதட்டுச் சாயத்தால்கூட. பிள்ளைகளின் பள்ளிக்கூட நம்பர் மறந்துபோகலாம். அந்த நம்பர் யாருக்கும் மறக்காது. அது தண்ணிக்காரரின் நம்பர்.

தெருவுக்குத் தெரு மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் வால்வுகளை, ஆள் உயர இரும்புச் சாவி ஒன்றால் முறைவைத்துத் திறந்து மூடுவது அவர் வேலை. பள்ளத்துத் தெருக்களுக்கு ஒரு முறை, மேட்டுத் தெருக்களுக்கு ஒரு முறை. தண்ணீர் கொஞ்சம் பிந்தினால் போதும், போன் அலறும்.

"அண்ணே, தண்ணி எப்ப வரும்?"

"மேட்டுத் தெரு முடிஞ்சதும் உங்களுக்குத்தாம்மா."

சாப்பாட்டுத் தட்டில் கை இருந்தாலும், காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தாலும் ஓர் அழைப்பைக்கூட அவர் எடுக்காமல் விட்டதில்லை. மனைவியை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்து, நனைந்த சட்டையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்த நேரத்திலும் யாரோ கூப்பிட்டார்கள். "வருது தாயி, வருது" என்று உடைந்த குரலில் பதில் சொன்ன மனிதர் அவர்.

அந்த மனைவி ஊருக்கே டீச்சர். அவருக்கும் டீச்சர்தான். "டீச்சர், பசிக்குது" என்பார். "முதல்ல கையைக் காட்டுங்க, நகம் வெட்டியிருக்கான்னு பார்க்கணும்" என்பாள். அவ்வளவு அன்னியோன்னியம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீச்சர் இன்னொரு வேலை செய்வாள். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடங்களை ஒலிப்பதிவாக அனுப்பும் சின்ன அமைப்பு ஒன்று இருந்தது. அதற்காக, இரைச்சல் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய வழியப் பாடம் வாசிப்பாள். முடிந்ததும் அந்த அமைப்பின் கணினிக்கு அனுப்பிவிட்டுத் தன்னிடம் இருப்பதை அழித்துவிடுவாள். "வச்சுக்கிட்டு என்ன பண்றது? இடத்தை அடைக்குது." கேமராவைக் கண்டால் அவளுக்கு ஆகாது. யாராவது வீடியோ எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எடுத்து முடியும்வரை வாயைத் திறக்கமாட்டாள்.

போன வருடம் சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பி வரவில்லை. அடுத்த மாதமே தண்ணிக்காரர் வீட்டு இன்டர்நெட் இணைப்பை நிறுத்தினார். இனி யாருக்கு அது?

இப்படி இருக்க, ஒருநாள் காலையில் தொலைதூரத்தில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டாள். பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

"அப்பா, அம்மாவோட மெயிலை இன்னைக்குத்தான் திறந்து பார்த்தேன். அந்த அமைப்பை மூடறாங்களாம்ப்பா. சாயங்காலம் ஆறு மணியோட கம்ப்யூட்டரை நிறுத்திடுவாங்களாம். அம்மா வாசிச்சது மொத்தமும் அதுலதான் இருக்கு."

"அங்கேருந்து நீயே எடுத்துடேன் கண்ணு. எனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"அதோட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதேப்பா. அம்மா கம்ப்யூட்டர்ல மட்டும்தான் பதிஞ்சிருக்கு. அந்த ஆபீஸ்ல போனை எடுக்கக்கூட ஆளில்லை. அம்மா குரல் நம்மகிட்ட வேற எங்கேயுமே இல்லப்பா."

தண்ணிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆமாம், இல்லை! ஒரு வார்த்தைகூட இல்லை! இந்த ஒரு வருடத்தில் அவர் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

உடனே உதவியாளைக் கூப்பிட்டு, இன்றைய முறையை அவனையே பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஆமையும் தோற்கும் நடை என்பதால் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். பிறகு தெருமுனையில் கணினி பழுது பார்க்கும் 'ஃபார்மேட்டை' அழைத்து வந்தார். எந்தக் கணினிக்கு என்ன நோய் வந்தாலும் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து ஃபார்மேட் செய்வது ஒன்றே மருந்து என்று நம்புகிற மனிதன் அவன்.

தூசு தட்டியதும் டீச்சரின் கணினி முனகிக்கொண்டே எழுந்தது. ஃபார்மேட் தண்ணிக்காரரின் பழைய போனை வாங்கி ஹாட்ஸ்பாட்டைத் திறந்துவிட்டான். டீச்சர் ஃபைல் அனுப்பும் புரோகிராமும் திறந்தது. பாஸ்வேர்டு இருந்த இடத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். உள்ளே விட்டது. ஆனால் ஃபைல்கள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு எழுத்து வந்தது.

"பழைய மெஷின்ணே. ஒரு ஃபார்மேட் போட்டா பறக்கும்."

தண்ணிக்காரர் பாய்ந்து கணினியைக் கட்டிக்கொண்டார். "தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

"சரி சரி, பேச்சுக்குச் சொன்னேன்." ஃபார்மேட் தலையைச் சொறிந்துகொண்டு எதையெதையோ திறந்து பார்த்தான். "ஆங், இதுதான்! நாம போய் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரோட கதவைத் தட்டறோம். 'நீ போ, உன் வீட்டுக்கே கொண்டாந்து தர்றேன்'னு அவன் சொல்றான். ஆனா நாம ஹாட்ஸ்பாட்டுக்குப் பின்னால இருக்கோம்ணே. வெளியாள் தேடி வர வழியே கிடையாது. அவன் தெருவுலயே சுத்திட்டுத் திரும்பிப் போயிடறான்."

"அப்போ குடத்தைத் தூக்கிட்டு நாமளே குழாயடிக்குப் போகணும்ங்கிறே."

"அதேதான்ணே! 'நாங்களே வந்து வாங்கிக்கறோம்'னு ஒரே ஒரு டிக்."

டிக் விழுந்தது. அடுத்த நொடி திரை நிறையப் பாடங்கள். பின்னங்கள், செரிமானம், மலைகள், காற்றழுத்தம். தண்ணிக்காரரின் கண் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு பாடத்தையும் டீச்சர் ஒரே மூச்சாக வாசித்து ஒரே பெரிய ஃபைலாக வைத்திருந்தாள்.

"தானா வந்துடும்ணே. எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஃபார்மேட் கடைக்குப் போனான்.

பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர்ந்தது. அவர் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். திடீரென்று கோடு நின்றது. சிவப்பு எழுத்து. புரோகிராம் தானாகவே மறுபடி தொடங்கியது. தொடங்கியது என்றால் என்ன? வந்தவரை வந்ததையும் துடைத்துப் போட்டுவிட்டு, முதல் எழுத்திலிருந்து!

சிக்னல்தான் கோளாறு என்று போனை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார். நகர்ந்தது, நின்றது. சூடாகிவிட்டது என்று ஈரத்துணியை அடியில் வைத்தார். நகர்ந்தது, நின்றது. குழாயில் காற்று அடைத்தால் தட்டிவிடுவாரே, அந்தப் பழக்கத்தில் கணினியின் முதுகில் இரண்டு தட்டும் தட்டினார்.

இடையிடையே போன் வந்துகொண்டிருந்தது.

"அண்ணே, தண்ணி எப்ப வரும்?"

"அவசரம் வந்துக்கிட்டிருக்கான்மா."

"அவன் வர்றதுக்குள்ள என் பேரன் காலேஜ் முடிச்சிடுவான்!"

அடுத்து மகள். "வந்துடுச்சாப்பா? ஒண்ணாவது வந்துச்சா?"

"வருது கண்ணு, வந்துக்கிட்டே..." சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்தவரின் வாய் அப்படியே நின்றது. கோடு அவர் கண்ணெதிரே நின்றிருந்தது. போனை வைத்தார், கோடு முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி யாரோ கூப்பிட்டார்கள், கோடு நின்றது.

ஃபார்மேட்டைக் கூப்பிட்டுக் கேட்டார். அதற்காகவும் ஒரு தடவை எல்லாம் அறுந்தது.

"உங்க பழைய போன்ல அப்படித்தான்ணே. பேச்சுன்னா பேச்சு, நெட்டுன்னா நெட்டு. ரெண்டும் சேர்ந்து ஓடாது. மணி அடிச்சாலே போதும், போச்சு."

"உன் போனையாவது கொடுடா."

"என் சிம்முக்கு உங்க வீட்டுல ஒரு கோடு சிக்னல்கூட கிடையாதே. ஒண்ணு பண்ணுங்க. யாரும் கூப்பிடாதீங்கன்னு சொல்லிடுங்க."

"யார்கிட்ட? ஊர்கிட்டயா?"

விமானத்தில் போகிறவர்கள் அழுத்தும் பொத்தானை அழுத்திப் பார்த்தார். அழைப்பும் நின்றது, ஹாட்ஸ்பாட்டும் செத்தது. திரும்பவும் திறந்தார். முதல் அழைப்பு மகளிடமிருந்து.

"நீ கூப்பிடாதே கண்ணு! நீ கூப்பிடக் கூப்பிடத்தான் எல்லாம் போகுது!"

அவர் சொன்னதில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் பதற்றத்தில் அது அதட்டலாக வந்து விழுந்தது. "எனக்கும் அவங்க அம்மாதான்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் அவரை எப்படிக் குத்தியிருக்கும்! திரும்பக் கூப்பிட்டு, "உன்னைச் சொல்லலைம்மா" என்று சொல்லத் துடித்தார். கோடு நகர்ந்துகொண்டிருந்தது. விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகள் நிறுத்திக்கொண்டாள். ஊர் நிறுத்துமா? "தண்ணி எப்ப வரும்" என்ற கேள்வி வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அவர் புத்தியில் அது உதித்தது. எல்லார் குழாயிலும் தண்ணீர் வந்தால் யார் கூப்பிடப் போகிறார்கள்?

அவசரத்தை அழைத்தார். "எல்லா வால்வையும் திற. இப்பவே."

"எல்லாத்தையுமா? அண்ணே, பேசறது நீங்கதானா? அன்னைக்கு ரெண்டைச் சேர்த்துத் திறந்ததுக்கே என்னைச் செவுள்ல விட்டீங்களே!"

"சொன்னதைச் செய்டா! ஓடு! வாழ்க்கையில ஒரு தடவையாவது ஓடு!"

அவன் ஓடியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுத் தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. போன் அடங்கியது. அந்த வீட்டில் அப்படியொரு அமைதி வந்து எத்தனை நாளாயிற்று! 'மண்ணின் வகைகள்' என்ற பாடம் இறங்கத் தொடங்கியது. கால், அரை, அரைக்கும் மேலே. தண்ணிக்காரர் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார். "வா டீச்சர்" என்று வாய்க்குள் சொன்னார். "வா, வா."

போன் அடித்தது. மேட்டுத் தெரு.

"என்னய்யா, வந்த தண்ணி சட்டுனு நின்னு போச்சு?"

அடுத்து பள்ளத்துத் தெரு. "அண்ணே, நூல் மாதிரி வருது, சொம்பு நிறைய மாட்டேங்குது." அதற்கடுத்து கடைசித் தெரு. "எங்களுக்கு வெறும் காத்துதான் வருது!"

அவருக்குத் தெரியாதா? ஒரே தொட்டித் தண்ணீரை எல்லாக் குழாயும் சேர்ந்து இழுத்தால் எந்தக் குழாய்க்கும் வேகம் இருக்காது. இந்த உண்மையை அவசரத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானே! தெரிந்துதான் செய்தார். ஆனால் தவிக்கிற மனம் தெரிந்ததைக் கேட்குமா?

இதுவரை கூப்பிடாத வீடுகளும் இப்போது கூப்பிட்டன. ஜன்னல் கம்பியில் கட்டிய போன் துடிதுடித்து ஆடியது. பாதிக்கு மேல் வந்திருந்த பாடம் துடைக்கப்பட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது, அறுந்தது, தொடங்கியது. வால்வுகளை மூடச் சொல்ல அவசரத்தைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மிச்சமும் அறும். தன் வாழ்நாளில் முதன்முறையாக, அடிக்கிற போனை எடுக்காமல் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றார் அவர். பொத்தினால் மட்டும் நிற்குமா?

ஆறு மணி அடித்தது. சிவப்பு எழுத்துகள் வரிசையாக வந்தன. பாடங்களின் பெயர்கள் எல்லாம் மறைந்து திரை வெறுமையானது. அவர் மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் யாருமே இல்லை.

முதலில் அவசரத்தைக் கூப்பிட்டு மூடவேண்டியவற்றை மூடச் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"கண்ணு... அப்பாவால முடியலைம்மா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. "போகட்டும்ப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சினாள். "ஒண்ணுமே வரலையாப்பா?"

"கடைசியா அறுந்ததுல ஒரு துண்டு கிடக்கு. எவ்வளவு இருக்கும்னு தெரியலை."

"போடுங்க."

கட்டவிழ்த்த போனை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்து, அந்தத் துண்டை அழுத்தினார். சின்னதாக ஓர் இரைச்சல். பிறகு, ஒரு வருடத்துக்குப் பின், அந்த அறையில் டீச்சர் பேசினாள்.

"மண்ணின் வகைகள். எல்லாரும் கவனமா கேளுங்க..." எங்கோ ஒரு கதவு படாரென்று அடித்தது. குரல் சட்டென்று மாறியது. "ஏங்க! மெதுவா சாத்துங்கன்னா காதுல விழாதா? இங்க ரெக்கார்டு ஆகுது!"

"இல்ல டீச்சர், காத்து..." என்று தண்ணிக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். போனில் மகள் சிரிப்பும் அழுகையுமாக விம்மினாள்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கண்ணுங்களா, இப்ப உள்ளங்கையில கொஞ்சம் ஈர மண்ணை எடுத்துக்குங்க. நல்லா இறுக்கிப் பிடிங்க. பிடிச்சாச்சா? இப்ப மெதுவா விரலைத் திறங்க. உருண்டையா நின்னுச்சுன்னா அது களிமண். திறந்ததும் உதிர்ந்து போச்சுன்னா..."

குரல் நின்றது.

"அப்புறம்ப்பா?" என்றாள் மகள். "உதிர்ந்து போச்சுன்னா?"

அவர் திரையைப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார்.

"அவ்வளவுதாம்மா வந்துச்சு."