கதவு பாறைப் பக்கம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது நாலு பிள்ளைகள். மூன்று பேர் நன்றாக இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இந்தப் புத்தகத்தை எழுதியவன் என் பெரியவன். திருப்பதியில் இதை அச்சடிக்கிறவர், முன்பக்கத்தில் அம்மா நாலு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும் என்றார். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்ல அவன் மகள் எழுதுகிறாள்.

பெரியவன் குப்பத்துப் பக்கம் கல் குவாரியில் பொக்லைன் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்கு வருவான், கையில் கோடு போட்ட நோட்டு இருக்கும். மாங்கூழ் ஃபேக்டரியில் பழம் வெட்டிக் காய்த்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் எழுதிய கதையைப் படிக்க நான் கேட்பேன். பனைமர உயரத்துக்கு இரும்பு மனிதர்கள், ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் உட்கார்ந்து ஓட்ட ஓர் ஆள், ஊரை விழுங்க வந்த வேறு இரும்புகளோடு சண்டை. படிக்காதவள்தான். ஆனால் கதை எங்கே நொண்டுகிறது என்று என் காதுக்குத் தெரியும். நான் குறை சொன்னால் அடுத்த ஞாயிறு அது சரியாகி வரும்.

"உள்ள குந்திக்கினு இருக்கறவன் எப்போடா துன்றான்?" என்றேன். அடுத்த வாரம் அந்த வீரன் கம்பிகளுக்கு நடுவே களி தின்றான். குவாரியில் வண்டி எடுக்கும்முன் சக்கரத்தடியில் வைப்பதுபோல இரும்பு மனிதனின் காலடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். "பனமரம் ஒசரத்துக்கு ஒத்த எலுமிச்சம்பழமா? பூசணிக்கா வைடா, கஞ்சப் பிசினாறி!" என்றேன். பூசணிக்காய் வந்தது.

பதினாறு நோட்டு வரை அந்த வீரன் எல்லாச் சண்டையிலும் பிழைத்தான். எனக்கு அலுத்துப்போனது.

"இவன் சாவவே மாட்டானா? அப்புறம் இன்னா சண்ட இது? கொன்னுடு அவன."

பெரியவன் சிரிக்கவில்லை. "வேணாம்மா. அது மட்டும் கேக்காத."

"இன்னாடா, பயமா?"

நோட்டை மூடிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வந்து படித்தான். பள்ளத்தின் ஓரம் சரிந்து இரும்பு மனிதன் கவிழ்கிறான். கதவு பாறைப் பக்கம் அழுந்திவிட்டது. உள்ளே இருப்பவன் தட்டிக்கொண்டே இருக்கிறான். படிக்கையில் அவனுடைய விரலும் நோட்டின்மேல் தட்டியது. "இப்பதான்டா இது கத," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அதிலிருந்து இருபதாம் நாள் குவாரியின் ஓரம் சரிந்தது. அவனோடு பொக்லைன் கவிழ்ந்தது. கதவு பாறைப் பக்கம்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கதவையோ யாரோ தட்டினால், திறக்க எழுந்திருப்பது நான்தான்.

அந்தப் பக்கங்களை எடுத்துவிடலாமா என்று அச்சடிக்கிறவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது அவன் எழுத்து. ஆனால் எழுதச் சொன்னது யார் என்பதும் இதில் இருக்கவேண்டும். பேத்திக்கு அதில் சம்மதமில்லை.

"அந்த ஓரம் சரியும்னு அப்பாவுக்கு முன்னியே தெரியும் ஆயா. மேஸ்திரிகிட்ட ரெண்டு தடவ சொல்லிக்கிறாரு. அதத்தான் எழுதுனாரு, நீ சொன்னதுக்காவ இல்ல."

"தெரிஞ்சிதான்டி எழுதாம வெச்சிருந்தான்," என்றேன்.

சரி கண்ணு, எழுதினதைப் படித்துக் காட்டு. முதலிலிருந்து வேண்டாம். 'கொன்னுடு' என்று நான் சொன்னபோது உன் பேனா ஓடவில்லை, பார்த்தேன். அங்கிருந்து படி.