கபடிக்குக் கொடுத்த குளம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் நான் கட்டியது ஒன்று கண்ணில் படாமல் நீங்கள் போக முடியாது. ராஜபாளையம் ரோட்டில் நிற்கும் இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் என்னுடையது. அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்துவிட்டது, விட்டுவிடு என்றார்கள். பாறை மேலேயே கட்டினேன், இன்றுவரை ஒரு கீறல் கிடையாது. விசைத்தறிக்காரர்களுக்குப் போட்டுக்கொடுத்த கொட்டகைகள் ஒரு தெரு நீளம் வரும். ஆடித்தபசுக்கு ஊர் கொள்ளாமல் கூட்டம் வருமே, அந்தக் கூட்டம் வெயிலில் காயாமல் நின்றது என் பந்தலுக்கு அடியில்தான். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்னொருத்தர் பந்தலுக்குச் சவுக்குக் கம்பு சுமந்து தோள்பட்டை காய்த்துப்போனவன். பிறகு சொந்தக் கம்பு, சொந்த லாரி, சொந்தமாக மண் அள்ளும் வண்டி. யாரும் தூக்கிவிடவில்லை.

பெருமைக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். பெருமைப்பட வேண்டியதை அடக்கமாகச் சொல்லும் வித்தை எனக்கு வராது. ஆனால் இந்த வரிசையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. மேலநீலிதநல்லூர் போகிற வழியில் ஊரைத் தாண்டியதும் ஒரு குளம் வரும். அதில் இன்று தண்ணீர் நிற்கிறதே, அது நான் செய்தது. வருகிற பொங்கலுக்கு அந்தக் கரையில் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். அதில் என் பேர் இல்லை. அதனால்தான் பேனா பிடித்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால், பல நாட்டுக்காரர்கள் வந்து ஆடும் பெரிய விளையாட்டுப் போட்டியைத் தெற்கு மாவட்டங்களில் நடத்த அரசாங்கம் கேட்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. ஓட்டம் ஓர் ஊரில், நீச்சல் ஓர் ஊரில் என்று பிரித்துக் கொடுப்பார்களாம். போட்டி வந்தால் ரோடு வரும், ஆஸ்பத்திரி வரும், பின்தங்கிய பக்கமெல்லாம் மேலே வந்துவிடும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. அவர் என் மண்டபத்துக்கு வந்து, "கபடிய நாம கேப்போம்வே" என்றார்.

"நமக்கு யாரு குடுப்பா?"

"கேக்காம யாரு குடுப்பா?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்துவிட்டது. நானும் அப்படியே வளர்ந்தவன். மண்டபத்தைச் சும்மா திறந்துவிட்டேன், ஊர்க்கூட்டம் நடந்தது. என்னென்ன வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாலு வழி ரோடு என்றார் ஒருத்தர். ரயில் கூடுதலாக நிற்க வேண்டும் என்றார் இன்னொருத்தர். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் அக்கா எழுந்து, "பிச்சிப்பூவ நேரா பிளேன்ல ஏத்தணும், வாடாமப் போகணும்" என்றாள்.

"பிளேன் எங்கன இறங்கும்க்கா, உன் கடை வாசல்லயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இறங்கினா உனக்கு என்னலே? நீ வந்து தள்ளப்போறியா?"

மண்டபமே சிரித்தது. எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கிறது அங்கே. அப்படிச் சிரிப்பு நான் கேட்டதில்லை. ஒரு ஊர் ஒரே பக்கம் பார்த்து ஆசைப்பட்டதை அந்த மாதங்களில்தான் பார்த்தேன். இப்போதும் மண்டபம் காலியாகக் கிடக்கும் மத்தியானங்களில் அந்தச் சத்தம் காதில் வருகிறது.

மைதானம் ஒன்று காட்ட வேண்டும் என்றார் வாத்தியார். ஒருத்தரும் யோசிக்கவில்லை, எல்லோரும் சேர்ந்தாற்போல் "கிரவுண்டு இருக்குல்லா" என்றோம். எங்கள் ஊரில் கிரவுண்டு என்றால் அந்தக் குளம்தான். மழை பொய்த்துப் பொய்த்து, தண்ணீர் வரும் வாய்க்கால் மண்மூடி, உள்ளே கபடியும் கிரிக்கெட்டும் ஆடி ஆடி அது குளம் என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. அங்கே தண்ணீரைப் பார்த்திராத பிள்ளைகளுக்கு மீசை முளைத்திருந்தது. வாத்தியார் தாலுகா ஆபீஸுக்கு நடந்து, அங்கே கபடி நடத்தவும் மண் எடுக்கவும் அனுமதி வாங்கிவந்தார். அந்த நடை அவருடையது, நான் மறுக்கவில்லை.

மீதி எல்லாம் நான். போட்டிக்கு இடம் பார்க்க வரும் குழுவின் கார் மெயின் ரோட்டிலிருந்து குளம்வரை வர வேண்டும், அங்கே இருந்ததோ ஒற்றையடிப் பாதை. ரோடு போட மண் வேண்டும். விலைக்கு மண் வாங்க நான் என்ன கேனையனா? வாய்க்காலில் மூடிக்கிடந்ததே கரிசல் மண், அதை அள்ளினேன். சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கி, வாய்க்கால் நெடுக என் வண்டியை ஓட்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி, மேலே செம்மண் பரப்பி ரோலர் உருட்டினேன். கார் என்ன, பஸ்ஸே போகலாம்.

என் வீட்டுக்காரி ஒரு நாள் சோற்றுவாளியோடு வந்து நின்று பார்த்தாள். "என்னங்க, வாய்க்கால இப்படித் தோண்டுதீங்களே, தண்ணி வந்திரப் போகுது."

"ஏட்டி, மேகத்தையே காணோம், தண்ணி எங்கன இருந்து வரும்? வந்தா நல்லதுதான?"

"நல்லதுதான். சொன்னேன்." வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குளத்துக்குள் சவுக்குக் கம்பில் கேலரி கட்டினேன். படிப்படியாக, பலகை போட்டு, ஆயிரம் பேர் குதித்தாலும் ஆடாது. சுண்ணாம்பில் கோடு போட்டு வாத்தியார் ஒத்திகை ஆட்டம் நடத்தினார். சாயங்காலமானால் ஊரே அங்கேதான். ராயகிரியிலிருந்தும் வாசுதேவநல்லூரிலிருந்தும் டீம் வந்தது. டீக்கடைக்காரர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். கோவில் கொடைத் திருவிழாவில்கூடத் தெருத்தெருவாகத் தனித்தனியே நிற்கிற ஆட்கள் என் பலகையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தார்கள். கேலரியில் தெருவுக்கு ஒரு படி என்று நான் கட்டவில்லை. பாடிப் போனவனின் காலைப் பிடித்து விடாமல் இழுக்கும்போது எல்லாருக்கும் ஒரே மூச்சு முட்டியது.

குழு வருவதற்கு முந்தின நாள் வானம் இருட்டிக்கொண்டு பெய்தது. அப்படி ஒரு ஐப்பசி மழையை நாங்கள் மறந்தே போயிருந்தோம். காலையில் நான் கரைக்குப் போனபோது ஊர் எனக்கு முன்னால் அங்கே நின்றது. நான் தோண்டிய வாய்க்காலில் செந்தண்ணீர் நுரையும் சருகுமாக உருண்டு வந்து விழுந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக் கோட்டைக் காணோம். கேலரியின் முதல் படி மூழ்கி, இரண்டாம் படியை நக்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, என் ரோட்டில், சகதியில் ஒரு இடத்திலும் சிக்காமல் மூன்று கார் வந்து நின்றது. குழுவுக்குத் தலைவியாக வந்த அம்மா குடையோடு இறங்கினார். பூக்கடை அக்கா அவர்களுக்காக ராத்திரியே கட்டிவைத்த மாலைகள் கூடையில் தயாராக இருந்தன. வாத்தியார் என்னைப் பார்த்து ஜாடை காட்டினார், மாலையைப் போடச் சொல் என்று.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெகுநாள் கழித்துக் குளத்துக்குத் தண்ணீர் வந்தால் விருந்தாளி வந்த மாதிரி குலவையிட்டுப் பூப்போட்டுத்தான் வரவேற்போம். எந்தக் கிழவி முதல் குலவையை எடுத்தாளோ தெரியாது. அதைக் கேட்டதும் பூக்கடை அக்கா கூடையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால் தண்ணீரில் நின்று, குழுவுக்குக் கட்டிய மாலைகளை ஒவ்வொன்றாகக் குளத்துக்குப் போட்டாள். நான் தடுக்கவில்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி ஒரு மாலையை வாங்கிப் போட்டேன்.

"ஏ பாவிகளா, கெஸ்ட் இங்கன நிக்காங்கவே!" என்று வாத்தியார் கரையிலிருந்து கத்தினார்.

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "கிரவுண்டு எது சார்?"

"அந்தா, கம்பு தெரியுதுல்லா மேடம், அதுதான்" என்றான் ஒரு இளவட்டம். "நீச்சல் மிச்சமிருந்தா குடுங்க, நாங்க ரெடி."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி. கழுத்து வெறுங்கழுத்தாக, டீயை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். கபடி எங்களுக்கு வரவில்லை. அப்புறம் அந்தப் போட்டிப் பேச்சே அடங்கிப்போயிற்று.

வாய்க்காலைத் தோண்டிக் கபடியைக் கெடுத்தவன் நான் என்று வாத்தியார் என்னோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் குளம் பேசியது. சுற்றுக் கிணறுகளில் ஊற்று திரும்பியது, விற்றுவிட்டுப் போக இருந்த நிலத்தில் நெல் நின்றது. என் ரோட்டில் மினிபஸ் ஓடுகிறது. போட்டி வந்தால் வரும் என்றதில் நாலு வழி ரோடு வரவில்லை, பிளேன் வரவில்லை, ஆனால் ஊர் எழுந்திருக்கிறது. இப்போது பாசனக்காரர்கள் சேர்ந்து, குளத்தை மீட்டவர்கள் என்று கல் வைக்கிறார்கள். அனுமதி வாங்கியவர் என்று வாத்தியார் பேர் முதலில். நான் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"நீரு ரோட்டுக்கு மண்ணு எடுத்தீரு. குளத்த நெனச்சா எடுத்தீரு?" என்றார்.

"நீரு கபடிக்குத்தான அனுமதி வாங்கினீரு? குளத்த நெனச்சா வாங்கினீரு?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துக் காப்பி கொண்டுவரச் சொன்னார். இத்தனை நாளைக்குப் பிறகு சேர்ந்து குடித்தோம். ஆனால் பேரைச் சேர்க்கிறேன் என்று வாயைத் திறக்கவில்லை.

வாத்தியாரும் பாசனக்காரர்களும் இதைப் படிப்பீர்கள். தண்ணீர் என்னத்தை நினைத்துத் தோண்டினான் என்று கேட்டு வருவதில்லை. தோண்டிய வழியில் வருகிறது. அந்த வழி என் வண்டி போட்டது, என் டீசல், என் வேர்வை. கல்லைக் கரையில் மூலையில் நடாதீர்கள், மாலைகள் விழுந்த இடத்துக்கு நேரே நடுங்கள். உலகப் போட்டியை இங்கே கேட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள், ஊர் சேர்ந்து ஆசைப்பட்டது அழிந்துவிடக் கூடாது. அதற்கு அடுத்த வரியில், வாத்தியார் பேரின் அதே அளவு எழுத்தில், வாய்க்கால் வெட்டியவர் என்று போட்டு என் பேரைப் பொறியுங்கள். கல்லுக்குச் சாரம் கட்ட ஆள் தேட வேண்டாம். கம்பு என்னிடம் இருக்கிறது.